பதிமூன்றாவது நெகட்டிவ்

கண்ணையனுக்கு அறுபது வயது நிறையப் பதினோரு நாள் இருந்தது. பிள்ளையார் கோயிலில் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் சொல்லியாகிவிட்டது. பத்திரிகை நூற்றைம்பது அடித்தாகிவிட்டது. சமையலுக்குச் செந்துறை ஆளைப் பேசியாகிவிட்டது. திருக்கடையூருக்குப் போய்ச் செய்யலாமே என்று மகள் பூங்குழலி சொன்னதை, "மக்காச்சோளத்த ரோட்டுல போட்டுட்டு யாரு வேன் ஏறுறது?" என்ற ஒரே கேள்வியில் அவர் மனைவி கலியம்மாள் முடித்துவைத்திருந்தாள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அன்று காலை ஏழே முக்காலுக்கு ஒரு போனும் எட்டு மணிக்கு ஒரு போனும் வந்தன. அதற்குப் பிறகு குறையைத் தவிர வேறொன்றும் இல்லை.

முதல் போன் ஜெயங்கொண்டத்திலிருந்து, கண்ணையனின் அக்காள் சின்னப்பிள்ளை.

"ஏன்டா கண்ணையா, தாலி முடிச்சு யாருடா போடுறா?"

"என்னக்கா இது, நீயும் கொடியும் வந்து..."

"நீயும் கொடியுமா? உன் பொண்டாட்டிக்கு எத்தன கழுத்துடா இருக்கு? மொதக் கல்யாணத்துல முடிச்சு போட்டது நானு. இதுலயும் நான்தான் போடுவேன். இல்லன்னா இப்பவே சொல்லிப்புடு, நான் என் வூட்டுல கெடக்குறேன்."

இரண்டாவது பெரம்பலூரிலிருந்து, தங்கை மலர்க்கொடி. அவள் கத்தவில்லை. அழுதாள்.

"நான் போட்ட முடிச்சுண்ணே அது. இப்ப வந்து பெரியக்கா தான் போட்டேங்குது. என்னைப் பொய்க்காரியாக்கிட்டு அங்க வந்து நான் சாப்புடணுமா? நீங்களே நல்லா இருங்க."

வழக்கம் இதுதான். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். இரண்டாவதையும் மூன்றாவதையும் அவருடைய உடன்பிறந்தாள் போடுவாள். உடன்பிறந்தாள் ஒருத்தி என்றால் வம்பில்லை. கண்ணையனுக்கு மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. 1990 ஆவணியில் நடந்த கல்யாணத்தில் அந்த இரண்டு முடிச்சையும் போட்டது தானே என்று முப்பத்திநான்கு வருடமாக இருவரும் நம்பியிருந்தார்கள். ஒருத்தி நம்புவது மற்றவளுக்குத் தெரியாதவரை குடும்பம் நன்றாகத்தான் இருந்தது. பத்திரிகை கொடுக்கப் போன பூங்குழலி, பெரம்பலூரில், "நீங்கதான அத்தை முடிச்சு போடணும், மொத நாளே வந்துடுங்க" என்று ஒரு மரியாதைக்குச் சொன்னாள். ஜெயங்கொண்டத்திலும் அதே மரியாதையை ஒரு சொல் குறையாமல் சொன்னாள். அவள் அரியலூரில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருப்பவள். எதையும் சமமாகப் பங்கிடுவது அவளுக்குப் பழக்கம்.

கண்ணையன் போனை வைத்துவிட்டு ரோட்டுக்குப் போனார். அவர்கள் ஊர் ஆலத்தியூருக்குப் பக்கம். சுண்ணாம்புக்கல் லாரி போகிற தார் ரோட்டின் ஓரத்தில் நாற்பதடி நீளத்துக்கு மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. தை மாதத்துப் பனி காலை எட்டு வரை விடாது. ஈரம் நூற்றுக்குப் பதினாலுக்கு மேலே இருந்தால் வியாபாரி கையை உதறிவிட்டுப் போய்விடுவார். ஆகவே அரைமணிக்கு ஒருதரம் இறங்கி, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்து சோளத்தைப் புரட்ட வேண்டும். கலியம்மாள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, உன் கழுத்துதான அது. யாரு முடிச்சு போட்டான்னு உனக்குத் தெரியாதா?"

"முடிச்சு முன்னால போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். பின்னாலல்ல போட்டாங்க."

"கை பட்டிருக்குமே. அக்கா கை மொரட்டுக் கையி."

"அன்னைக்கு என் கழுத்துல உங்க ஊர்ல பாதிப் பேரு கை பட்டுச்சு. நான் குனிஞ்சி என் மடியில இருந்த தேங்காயப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்திருக்கணும்."

"நான் எங்க பாத்தேன். போட்டோ புடிக்கிறவரு இங்க பாருன்னாரு. அங்க பாத்தேன்."

ஒரு லாரி போனது. வெள்ளைப் புழுதி சோளத்தின்மேலும் இருவர்மேலும் இறங்கியது. கலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நடந்தாள். கண்ணையன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அம்மா அப்பா போயாச்சு. என் பக்கம்னு சொல்றதுக்கு அது ரெண்டும்தான். ஒருத்தி இல்லாம தாலி கட்டணும்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம். நிறுத்திப்புடுறேன்."

"நிறுத்துங்க. நின்னுக்கிட்டே இருக்காம சோளத்தத் தள்ளிவுடுங்க."

ஆல்பம் இருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பழைய மண்வீட்டை இடித்தபோது மரப்பெட்டியோடு அதைக் கரையான் தின்றிருந்தது. இரண்டு நாத்தனார்களும், "ஆல்பத்துல நான்தான இருந்தேன், கண்ணால பாத்தேனே" என்றே சொன்னார்கள். கல்யாண ஆல்பத்தில் தன்னைத் தவிர அடுத்தவரை யார் பார்க்கிறார்கள்?

"ஆல்பம் இல்லன்னா என்ன, நெகட்டிவ் இருந்தா போதும்ப்பா. போன்லயே படமாக்கிடலாம்" என்றாள் பூங்குழலி. வம்பைக் கிளப்பிவிட்டவள் என்பதால் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அப்பாவும் மகளும் டிவிஎஸ்ஸில் லப்பைக்குடிக்காட்டுக்குப் போனார்கள். கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்த தாஜுதீன் பாய் அங்கே இருந்தார். ஸ்டுடியோ தொண்ணூற்றி நாலோடு மூடியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் பத்தொன்பது வருடம் தம்மாமில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஸ்டுடியோ இருந்த அறையில் இப்போது மருமகள் ஆஃப்ரா புர்காவும் அத்தரும் விற்றாள். ஆனால் எடுத்த நெகட்டிவ் ஒன்றைக்கூட அவர் வீசவில்லை. கவரில் போட்டு, எண் எழுதி, சவுதியிலிருந்து வந்த பால்பவுடர் டப்பாக்களில் அடைத்து வைத்திருந்தார். இருபத்திரண்டு டப்பா கட்டிலுக்கு அடியில் வரிசையாக நின்றது.

"இந்த டப்பாவுக்கெல்லாம் வெயில் படக் கூடாதுன்னுதான் மேல கட்டில் போட்டிருக்கு. நாங்க படுக்குறதுக்குன்னு நெனச்சிக்காதீங்க" என்றார் அவர் மனைவி சாகிரா, டீயை நீட்டியபடி.

தாஜுதீன் தரையில் மண்டியிட்டு ஒரு டப்பாவை உருட்டி எடுத்தார். "ஆவணி தொண்ணூறு... கண்ணையன், கலியம்மாள். இந்தா இருக்கு. முப்பத்தாறு படம், ஒரு ரோலு. ஒண்ணு கொறையாது. எந்தப் படம் வேணும்? மாலை மாத்துறது வல்லாஹி, அல்லா மேல சத்தியமா அப்படி வந்திருந்துச்சு."

"தாலி முடிச்சு போடுறது வேணும் பாய்."

தாஜுதீன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது எதுக்கு? மாலை மாத்துறத எடுத்துக்க. பெருசா போட்டு மாட்டலாம்."

"மாட்டுறதுக்கு இல்ல பாய். யாரு முடிச்சு போட்டாங்கன்னு பாக்கணும். வூட்டுல ஒரே ரகளை."

"நெகட்டிவ வெளிய குடுக்குற வழக்கம் நமக்கு இல்லையே கண்ணையா."

சாகிராவுக்குப் பொறுக்கவில்லை. "யாராச்சும் ஒருத்தர் வந்து கேப்பாங்க, கேப்பாங்கன்னு வெள்ளிக்கு வெள்ளி டப்பாவத் தொடைச்சிக்கிட்டு இருந்தீங்க. இப்பதான் ஒரு புண்ணியவான் வந்திருக்காரு. அவருக்கும் குடுக்க மாட்டேங்குறீங்க. என்ன மனுசர் நீங்க?"

தாஜுதீன் தாடியைத் தடவிக்கொண்டே டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நெகட்டிவ் போற எடத்துக்கு நானும் வருவேன். என் கண்ணு முன்னாலதான் எடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குக் கண்ணையன் பாயை வண்டியில் பின்னால் உட்காரவைத்து அழைத்துவந்தார். டப்பாவை இரண்டு கையாலும் மடியில் அணைத்திருந்ததால் பாய் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் வேகத்தடைதோறும் "யா அல்லாஹ்" என்று எழும்பி விழுந்தார். ஓதி அறுக்காத கோழியைப் பாய் தொடமாட்டார் என்பதற்காகக் கலியம்மாள் கோழியை விட்டுவிட்டு மீன் வாங்கியிருந்தாள். மாங்காய் போட்ட குழம்பு அடுப்பில் கொதித்தது.

நாத்தனார்கள் இருவரும் முன்பே வந்துவிட்டார்கள். கடைசியில் மாறி ஏறிய ஒரே பஸ்ஸில் வந்து ஒரே நிறுத்தத்தில் முன்படியில் ஒருத்தியும் பின்படியில் ஒருத்தியுமாக இறங்கியிருந்தார்கள். வீட்டுக்குள்ளே எதிரெதிராக உட்கார முடியாமல், ரோட்டில் இறங்கிச் சோளத்தைப் புரட்டினார்கள். ஒருத்தி கிழக்கே போனால் மற்றவள் மேற்கே வந்தாள். நடுவில் சந்திக்கும் இடத்தில் இருவரும் லாரியைப் பார்த்தார்கள்.

பூங்குழலி கட்டிலின்மேல் வேலையைத் தொடங்கினாள். அப்பாவின் போனில் வெறும் வெள்ளைத் திரையை வரவழைத்து மல்லாத்தி வைத்தாள். திரைமேல் நேரே நெகட்டிவை வைத்தால் திரையின் பொடிப்பொடிப் புள்ளிகள் படத்தில் விழுந்தன. ஆகவே இரண்டு பக்கமும் தீப்பெட்டி நிறுத்தி, அதன்மேல் ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியை வைத்து, மூடியின்மேல் நெகட்டிவை வைத்தாள். மேலேயிருந்து தன் போனால் படம் எடுக்க வேண்டும். எடுத்த படத்தில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றப் போனிலேயே ஒரு பொத்தான் உண்டு. சன்னல் வெளிச்சம் நெகட்டிவில் பளபளத்ததால் ஒரு போர்வையைத் தலையோடு போர்த்திக் கூடாரம் ஆக்கிக்கொண்டாள்.

"ஓரத்தப் புடிம்மா, ஓரத்த. நடுவுல வெரல் பட்டா ரேகை வுழுந்துடும்" என்று வெளியிலிருந்து பாய் பதறினார்.

போர்வைக்குள் முதலில் சின்னப்பிள்ளை தலையை விட்டாள். அவள் தனியாகப் பார்த்துவிடக் கூடாது என்று மறுபக்கத்திலிருந்து மலர்க்கொடியும் விட்டாள். இருவருக்கும் நடுவில் நியாயம் பார்க்கக் கண்ணையனும் நுழைந்தார். வெளியே நின்ற தாஜுதீனுக்கு ஒரு போர்வையும் எட்டுக் கால்களும் மட்டும் தெரிந்தன.

"இதாரு, கெழவி மாதிரி, தலையெல்லாம் நரைச்சிப்போயி?"

"அது நீங்கதான் பெரியத்தை. நெகட்டிவ்ல முடி வெள்ளையாத்தான் தெரியும்."

"முப்பத்திநாலு வருசம் முன்னாலயே பாயி உன் நரைய எடுத்து வச்சிட்டாரு பாரு" என்றாள் மலர்க்கொடி. நாலு நாளில் அவள் அக்காளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ மட்டும் என்ன, மூஞ்சி கருப்பா, கண்ணு வெள்ளையா, காட்டேரி மாதிரி இருக்க."

"தள்ளுங்க அத்தை, வேர்க்குது."

படம் எடுக்கத் தோதாக எல்லாம் நேரானபோது அடியில் இருந்த கண்ணையனின் போன் அடித்தது. வெள்ளைத் திரை போய்ச் சமையல்காரரின் பெயர் வந்தது.

"ஐயா, எத்தன எலைன்னு இன்னைக்கே சொல்லணுங்க. காய்கறிக்கு லிஸ்ட் போடணும்."

"அதத்தான்யா பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று போர்வைக்குள்ளிருந்து கண்ணையன் கத்தினார். "ஜெயங்கொண்டம் நாப்பது எலை, பெரம்பலூர் நாப்பது எலை. ரெண்டும் இருக்கா, ஒண்ணு இருக்கா, ஒண்ணுமே இல்லையான்னு அரைமணி கழிச்சி சொல்றேன்."

முதல் படங்களை மாற்றியபோது எல்லோரும் நீலமாக வந்தார்கள். மணமேடையில் கண்ணையன் சாமி வேஷம் கட்டியவர்போல உட்கார்ந்திருந்தார். பூங்குழலி நிறத்தைக் கூட்டிக் குறைத்து அவர்களை மனிதர்களாக்கினாள். பன்னிரண்டு படம் முடிந்தது. மூன்றாவது துண்டில் முதலாவதாக இருந்த பதிமூன்றைத் தூக்கிப் பார்த்தாள். வெறும் காலிப் பிலிம்போல இருந்தது.

"இதுல ஒண்ணுமில்ல" என்று தள்ளிவிட்டுப் பதினாலை எடுத்தாள்.

பொத்தானைத் தட்டியதும் படம் புரண்டது. தலை குனிந்த கலியம்மாள். கையில் கயிற்றோடு நேரே பார்த்துச் சிரிக்கும் கண்ணையன். பின்னால், கலியம்மாளின் பிடரியில் இரண்டு கையும் வைத்தபடி, ஊதாப் பட்டுச் சேலையில் சின்னப்பிள்ளை.

"பாத்தியா! பாத்துக்கடி! கண்ண நல்லா தொடைச்சிக்கிட்டுப் பாரு!" போர்வை எகிறியது. தீப்பெட்டி சரிந்தது. "இந்தக் கையிதான். பாயி நீங்க நல்லா இருப்பீங்க!"

மலர்க்கொடி தலையை வெளியே எடுத்தாள். எழுந்து செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பை மாட்டிவிட்டாள்.

"கொடி, சாப்புட்டுப் போலாம்டி" என்று கண்ணையன் பின்னாலேயே போனார்.

"என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணுண்ணே. நான் போடலையா? என் வெரல்ல இன்னும் அந்த மஞ்ச ஈரம் இருக்குண்ணே."

"சின்னத்தை, இருங்க" என்று உள்ளேயிருந்து பூங்குழலியின் குரல் வந்தது. யாரும் கேட்காமலே அவள் பதினைந்து, பதினாறு, பதினேழு என்று வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் விடுவது அவளால் ஆகாது. "இங்க வந்து பாருங்க."

பதினேழாவது படம். அதே கலியம்மாள், அதே கண்ணையன், அதே சிரிப்பு. பின்னால் பிடரியில் இரண்டு கையும் வைத்தபடி, ரெட்டைச் சடையில் கனகாம்பரத்தோடு மலர்க்கொடி.

சின்னப்பிள்ளை போர்வையை இழுத்துக் கீழே போட்டாள்.

"ஏன்டா," என்றாள் சின்னப்பிள்ளை, மெதுவாக, "நீ ரெண்டு தடவையாடா தாலி கட்டின?"

"நான் எங்கக்கா..."

"அப்ப இது என்னண்ணே?" செருப்புக் காலோடு உள்ளே வந்துவிட்ட மலர்க்கொடி கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்? அவரு இங்க பாருன்னாரு, நான் பாத்தேன்!"

பூங்குழலி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கினாள். விடைத்தாள் திருத்துகிற முகம் வந்துவிட்டது. "பதினேழுல பின்னாடி நாற்காலியெல்லாம் காலியா இருக்கு. எல்லாரும் பந்திக்குப் போயிட்டாங்க. ஒரு நாய் மட்டும் படுத்திருக்கு."

"அப்ப அது அப்பறமா எடுத்தது! நான்தான் நெசம்!" என்றாள் சின்னப்பிள்ளை.

"அவசரப்படாதீங்க பெரியத்தை. பதினாலுல அம்மா தலையப் பாருங்க. அட்சதை கெடக்கு. அப்பா தோள்லயும் கெடக்கு. அட்சதை எப்ப போடுவாங்க?"

"தாலி கட்டுனதும் போடுவாங்க."

"அப்ப பதினாலும் தாலி கட்டி முடிச்ச பொறவு எடுத்ததுதான்."

எல்லோரும் தாஜுதீனைப் பார்த்தார்கள். அவர் டப்பா மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். இறுக்கி முடித்த மூடியையே மறுபடியும் இறுக்கினார்.

"பாய்?" என்றார் கண்ணையன்.

"அந்தப் பதிமூணாவதுதான் நெசம்" என்றார் தாஜுதீன். "அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன். மேளம் கொட்டுனாங்க, நீ குனிஞ்ச, இங்க பாருன்னு சொல்லி நான் அமுக்குனேன். பிளாஷ் எரியல. அதுக்கு முன்னாடி புள்ளைங்கள்லாம் எங்கள எடுங்க, எங்கள எடுங்கன்னு ஒரே தொந்தரவு. பிலிம் செலவு பண்ண முடியுமா? சும்மா பிளாஷ மட்டும் நாலு தடவ அடிச்சிக் காமிச்சேன். பேட்டரி எறங்கிப்போச்சு. திருப்பி ஏறுறதுக்குள்ள மூணு முடிச்சும் முடிஞ்சிடுச்சு. தாலி கட்டுற போட்டோ இல்லாத கல்யாண ஆல்பத்தக் குடுத்தா அப்பறம் என்னை எந்த ஊர்ல கூப்புடுவான்? அதான் அப்படியே நில்லுங்க, கயித்தப் புடிச்ச மாதிரி நில்லுங்கன்னு இன்னொரு தடவ நிக்க வச்சேன். பெரியக்கா பக்கத்துல நின்னாங்க, கைய வைங்கக்கான்னேன். அப்பறம் சின்ன தங்கச்சி வந்து, என்னை வச்சும் ஒண்ணு எடுங்கன்னு அழுதுச்சு. அதையும் எடுத்தேன்."

"முப்பத்திநாலு வருசமா இத வாயத் தொறந்து சொல்லலையே பாய்!"

"நீ கேக்கலையே!"

பதிமூன்றைப் பூங்குழலி எடுத்தாள். வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாள். இருட்டு சாம்பலானது, சாம்பலில் குத்துவிளக்கின் சுடர் ஒரு பொட்டாக வந்தது. அதன் பக்கத்தில் வளைந்து மினுங்கிய ஒரு கோடு.

"வளையல்! என் வளையல்!" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

"என்னுது கல்லு வச்ச வளையலு, அதான் மினுங்குது."

"உன்னுது அடகுல இருந்துச்சு அப்ப. எல்லாருக்கும் தெரியும்."

"யாருடி சொன்னா அடகுன்னு?"

அப்போது கலியம்மாள் அடுக்களையிலிருந்து வந்தாள். குழம்பை இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போனை எட்டிப் பார்த்தாள். அந்தப் பொட்டையும் கோட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுக்குத்தான் நாலு நாளா சண்டையா? அந்த முடிச்சு அவுந்துபோச்சு."

"எந்த முடிச்சு?" என்றாள் சின்னப்பிள்ளை.

"அன்னைக்குப் போட்ட முடிச்சுதான் பெரியண்ணி. கல்யாணம் முடிஞ்சி எங்க ஊர்லேர்ந்து வேன்ல வந்தோம்ல. பள்ளத்துல வண்டி எறங்குச்சு. பொசுக்குன்னு கயிறு நழுவி மடியில வுழுந்துச்சு. தாலியோட."

தாலி நழுவுவது என்பது எப்பேர்ப்பட்ட பேச்சு என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பாய்க்கும் தெரியும். அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

முதலில் வாயைத் திறந்தவள் சின்னப்பிள்ளை.

"அப்ப நான் போடல."

"என்னக்கா?"

"நான் போட்டா அவுராது. எருமைக்கே முடிச்சு போடுறவ நானு. எனக்கு இப்பதான் ஞாபகம் வருது, அந்நேரம் நான் அடுப்பங்கரையில அப்பளத்துக்கு நின்னேன். நீதான்டி போட்ட."

"நானா! எனக்கு அப்ப வயசு பத்தொம்போது. எனக்கு முடிச்சே போடத் தெரியாது. சடையே அம்மாதான் பின்னிவுடும். நீதான்க்கா போட்ட. இந்தா, வளையலப் பாரு, கல்லு மினுங்குது!"

"அது அடகுல இருந்துச்சுடி!"

"இல்ல, மீட்டுட்ட!"

கண்ணையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அரைமணி நேரத்துக்கு முன் முடிச்சுக்காக உயிரை விட்டவர்கள் இப்போது அதை ஒருத்தி தலையில் ஒருத்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். பூங்குழலி அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பறம் என்னம்மா பண்ணின?"

"என்ன பண்றது? பக்கத்துல உங்கப்பா வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குறாரு. முன்னால உங்க அப்பத்தா. சொன்னா அன்னைக்கே என்னை எங்கம்மா வூட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு ஒரே நடுக்கம். மாலைக்குக் கீழ கையவிட்டு எடுத்து நானே கட்டிக்கிட்டேன். மூணு முடிச்சும் நானே போட்டுக்கிட்டேன். வண்டி எறங்கும்போது இழுத்துப் பாத்தேன், கெட்டியா இருந்துச்சு. கயிறு மாத்துன அன்னைக்கு வரைக்கும் அது அசையல."

சின்னப்பிள்ளை அவளையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கலியம்மா, நெசமா சொல்லு. முடிச்சு போட்டவ யாருன்னு தெரியாட்டி போவுது. ஒழுங்கா போடலைன்னு என்னைத்தான நெனச்சிக்கிட்டு இருந்த இத்தன வருசம்?"

"உங்கள ரெண்டு பேரையும் நான் நெனக்கல பெரியண்ணி. நீங்க யாரு போட்டிருந்தாலும் அது நின்னிருக்காது."

"ஏன்?"

"மடியில வுழுந்த கயித்த எடுத்துப் பாத்தேன். மேல் ரெண்டு முடிச்சும் முடிச்சாத்தான் இருந்துச்சு. அடியில மொத முடிச்சு இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்ல. ஒரு நுனிய மட்டும் புடிச்சிக்கிட்டு ரெண்டும் நின்னுச்சு. இன்னொரு நுனி சும்மா உருவிக்கிட்டு வந்துடுச்சு."

அந்த வீட்டில் இருந்த நான்கு பெண்களும் ஒரு பாயும் திரும்பிக் கண்ணையனைப் பார்த்தார்கள்.

"நான் போட்டேன்" என்றார் கண்ணையன்.

"நீங்க போடல. சுத்திவுட்டீங்க."

"பாயிதான் இங்க பாரு, இங்க பாருன்னாரு!"

"எரியாத பிளாஷுக்கு என்னடா அப்படி ஒரு சிரிப்பு உனக்கு?" என்றாள் சின்னப்பிள்ளை. "படத்துல பாரு கொடி, ரெண்டு படத்துலயும் எப்படி இளிச்சிக்கிட்டு நிக்கிறான்னு. தாலியப் பாக்குறானா பாரு."

"பதினாலுலயும் பாக்கலக்கா. பதினேழுலயும் பாக்கல" என்று மலர்க்கொடி அக்காளின் தோளில் சாய்ந்துகொண்டு போனைப் பெரிதாக்கினாள். "ஒரு பொண்ணு கழுத்துல கயித்தச் சுத்தி வுட்டுட்டு நம்ம தலையில அந்தப் பழிய வச்சிருக்கு பாருக்கா, இந்த அண்ணன்."

"இவன நம்பி இந்தப் பொண்ணு முப்பத்திநாலு வருசம் இருந்திருக்கா."

"நம்பித்தான் நானே கட்டிக்கிட்டேன்" என்றாள் கலியம்மாள். "இந்தத் தடவ இவரு மொத முடிச்ச ஒழுங்கா போடட்டும். மேல இருக்குற ரெண்ட நீங்க ஆளுக்கு ஒண்ணு போடுவீங்களோ, ஒருத்தரே போடுவீங்களோ, உங்க இஷ்டம். அதுக்கும் மேல நாலாவதா ஒண்ணு நான் போட்டுக்குவேன். உங்க குடும்பத்துக் கைய எனக்கு நம்ப முடியாது. கை கழுவுங்க, மீன் ஆறிப்போவுது."

போன் அடித்தது. சமையல்காரர். கண்ணையன் எடுப்பதற்குள் சின்னப்பிள்ளை பிடுங்கிக்கொண்டாள்.

"எண்பது எலையும் சேத்து எழுதிக்க! ஜெயங்கொண்டம் நாப்பது, பெரம்பலூரு நாப்பது. நாங்க எல்லாரும் மொத வரிசையில உக்காந்து பாக்கப்போறோம்."

சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் படுக்கவில்லை. வெயில் நன்றாகக் காய்ந்து, மூன்று மணிக்கெல்லாம் சோளம் கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் போட்டது. பல்லில் கடித்தால் உடைந்தது. நாத்தனார்கள் இருவரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே பக்கமாகத் தள்ளிக் குவித்தார்கள். கலியம்மாள் முறத்தில் அள்ளிச் சாக்கில் கொட்டினாள். பூங்குழலி சாக்கின் வாயைப் பிடித்தாள். பாய் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எண் பார்த்து நெகட்டிவ்களைக் கவரில் அடுக்கிக்கொண்டிருந்தார். சாக்கு கட்டுகிற வேலை கண்ணையனுக்கு.

அவர் சணல் கயிற்றைச் சுற்றி, இழுத்து, முடிச்சு போட்டு, நிமிர்ந்தார். முதல் மூட்டை.

கலியம்மாள் முறத்தை வைத்துவிட்டு வந்தாள். முடிச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். நின்றது. திரும்பிப் போனாள்.

இரண்டாவது மூட்டை கட்டினார். வந்தாள், இழுத்தாள், போனாள்.

மூன்றாவதைக் கட்டும்போது ரோட்டில் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்து, "என்ன மாமா, அறுபதாங் கல்யாணமாமே!" என்றார். கண்ணையன் நிமிர்ந்து கையாட்டிச் சிரித்தார். லாரி போனது. கலியம்மாள் வந்து மூன்றாவதை இழுத்தாள்.

கயிறு அவள் கையோடு வந்துவிட்டது.

அவள் அதை உயர்த்திக்கூடக் காட்டவில்லை. அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். சின்னப்பிள்ளையும் மலர்க்கொடியும் சோளக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணையன் சாக்கின்மேல் குனிந்தார். அடுத்த லாரியும் ஹாரன் அடித்தது. அவர் நிமிரவில்லை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினார், நுனியை உள்ளே விட்டு இழுத்தார், முழங்காலை மூட்டையில் ஊன்றி இன்னும் ஒருதரம் இழுத்தார்.

"இழுத்துப் பாரு" என்றார்.

கலியம்மாள் இரண்டு கையாலும் இழுத்தாள். மூட்டையே நகர்ந்தது. முடிச்சு நகரவில்லை.

"சரி," என்றாள். "இன்னும் ஏழு நாள் இருக்கு. அடுத்த மூட்டையக் கட்டுங்க."